வாரங்கள் கடக்கும் முன்

(ஆசிரியர்கள், செவிலியர்கள், பெற்றோர், கல்லூரி மாணவ மாணவியர் கூடிய அவையில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊர்களில் ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் மண்டபம் பிடிக்கிறோம். தாய்மாமன் சீர்வரிசையோடு வருகிறார். பச்சை ஓலை கட்டுகிறோம், மஞ்சள் நீராட்டுகிறோம், தெருமுனையில் அவள் படம் போட்ட பேனர் நிற்கிறது. அவள் உடம்பில் நடந்த மாற்றத்தை உற்றார் உறவினர் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம். அந்த மாற்றம் எதற்காக, கரு எப்படி உண்டாகிறது, எப்படித் தவிர்ப்பது, தவறிப்போனால் யாரிடம் போவது என்பதை மட்டும் அவளுக்கு ஒருவரும் சொல்வதில்லை. பையன்களுக்கோ இதில் எதுவுமே சொல்லப்படுவதில்லை. பிறகு ஒருநாள் அந்தப் பெண், கல்லூரிப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றுவலி என்று சொல்லி எங்கள் புறநோயாளிப் பிரிவில் வந்து உட்காருகிறாள்.

அவளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே கருவுற்ற பெண், பதினெட்டு நிறையாமல் கருவுற்ற பெண், பால்வினை நோய் தொற்றிவிட்டதோ என்று பயந்து தூக்கமில்லாமல் கிடக்கும் இளைஞன், இவர்கள் எல்லோரும் என் பேச்சில் வருவார்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இளம் வயதினரின் ரகசியத்தைக் காப்பதை அவர்களுக்குக் கொடுக்கும் இடம், சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். இத்தனை ஆண்டுப் பணியில் நான் கண்டது வேறு. ரகசியம் காப்பதுதான் சிகிச்சையின் முதல் படி. அந்த உறுதி இல்லாத இடத்துக்கு அந்தப் பெண் வரமாட்டாள். வேறு வழியின்றி வரும்போது காலம் கடந்திருக்கும்.

வாரக் கணக்கு

கர்ப்பத்தை நாங்கள் வாரங்களில் எண்ணுகிறோம். கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாள்தான் கணக்கின் முதல் நாள். ஆகவே, 'நாள் தள்ளிப்போச்சே' என்று ஒரு பெண் கவனிக்கும்போதே நான்கு வாரம் முடிந்திருக்கும். பதினாறு, பதினேழு வயதில் மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்கள் ஏராளம். ரத்தசோகை, நீர்க்கட்டி, பரீட்சை பயம் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டு இன்னும் இரண்டு வாரம் காத்திருப்பாள். சிறுநீரைச் சோதிக்கும் பட்டை எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஆனால் தெருக்கடைக்காரருக்கு அவளையும் தெரியும், அவள் அப்பாவையும் தெரியும். தெரியாத கடைக்குப் போகப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு பொய் சொல்ல வேண்டும். சோதித்துப் பார்த்து, இரண்டு கோடு தெரிந்த பிறகு அந்தப் பையனிடம் சொல்ல வேண்டும். அவன் பயந்து கைப்பேசியை அணைத்துவிட்டால் இன்னொரு வாரம். இப்படியே எட்டு, பத்து, பதினான்கு என்று போகிறது.

மருத்துவத்தில் இந்தத் தயக்கம் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. 9 வாரம் வரை மிஃபெப்ரிஸ்டோன், மிஸோப்ரோஸ்டால் என்ற இரண்டு மருந்துகளைக் கொண்டு கருவைக் கலைக்கலாம். இவை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005-லேயே சேர்க்கப்பட்டவை. 12 வாரம் வரை கையால் இயக்கும் சிறிய உறிஞ்சு கருவி போதும், சில நிமிடங்களில் முடியும், அன்றே வீட்டுக்குப் போகலாம். அதற்கு மேல் போனால் மருத்துவமனையில் தங்க வேண்டும், வலியும் ரத்தப்போக்கும் கூடும், சிக்கலும் வாரத்துக்கு வாரம் ஏறும். கருவைச் சுமந்து பெற்றெடுப்பதென்று அவள் முடிவு செய்தாலும் இதே கதைதான். ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து மாத்திரை, ரத்த அழுத்தச் சோதனை, ஸ்கேன் எல்லாம் தொடக்கத்திலேயே வேண்டும். வளரும் உடம்பு கருவைச் சுமக்கும்போது ரத்தசோகையும், கர்ப்பகால ரத்த அழுத்தமும், வலிப்பும், குறைப்பிரசவமும் வர வாய்ப்பு அதிகம். ஏழாம் மாதம் வரை துப்பட்டாவுக்குள் வயிற்றை மறைத்தவளுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவுமே கிடைத்திருக்காது.

இது எங்கோ ஓரிருவருக்கு நடப்பதில்லை. 2019–21-ல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 6.8 சதவீதம் பேர் அப்போதே தாயாகியிருந்தார்கள், அல்லது கருவுற்றிருந்தார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கல்யாணமானவர்கள். ஆகவே, காதலித்துக் கெட்டுப்போன பெண்களின் பிரச்சினை இது என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். பதினேழு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்கும் குழந்தை இப்போது வேண்டுமா, பிறகு வேண்டுமா என்று கேட்கும் உரிமை இருக்கிறது. அவளிடம் அதைத் தனியாகக் கேட்க ஆள்தான் இல்லை.

ரகசியம் கிடைக்காத பெண் என்ன செய்கிறாள்? முன்பு கருவைக் கலைக்க எருக்கங்குச்சி இருந்தது. அதனால் கருப்பை கிழிந்தும் சீழ் வைத்தும் செத்தவர்களின் கதை நம் கிராமங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். அத்தகைய சாவுகள் நாடெங்கும் பெருகியதால்தான் 1964-ல் மத்திய அரசு சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைத்தது. அதன் அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1971-ம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம். இன்று எருக்கங்குச்சி குறைந்துவிட்டது, மாத்திரை வந்துவிட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் திரட்டிய தரவுகளை வைத்துச் செய்யப்பட்டு 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு, 2015-ல் இந்தியாவில் ஏறத்தாழ 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டது. அவற்றில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை வாங்கிச் செய்யப்பட்டவை.

மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனால் எத்தனை வாரம் என்று பார்க்காமல், கரு கருப்பைக்குள் இருக்கிறதா கருக்குழாயில் இருக்கிறதா என்று தெரியாமல், யாரோ வாங்கிக் கொடுத்ததை விடுதிக் குளியலறையில் விழுங்குவது ஆபத்து. குழாயில் தங்கிய கருவுக்கு இந்த மாத்திரை பயன்படாது. குழாய் வெடித்தால் உயிருக்கே உலை. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால், உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இதை அந்த அறையில் இருக்கும் தோழிக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

மூன்று வழிகள்

கருவுற்ற பெண்ணுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கருவைக் கலைக்கலாம். பெற்று வளர்க்கலாம். பெற்று, தத்துக் கொடுக்கலாம். மூன்றும் மரியாதைக்குரிய வழிகள். எது நல்லது என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு அவளை அதை நோக்கித் தள்ளுவதற்கு ஆலோசனை என்று பெயர் கிடையாது. எந்த வழியில் என்ன நேரும், யார் துணையிருப்பார்கள், படிப்பு என்னாகும், செலவு என்ன என்று எடுத்துச்சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்து, அவள் முடிவுக்குத் துணை நிற்பதுதான் எங்கள் வேலை.

தத்து விஷயத்தில் நம் மக்களுக்குத் தகவல் மிகவும் குறைவு. குப்பைத்தொட்டியிலும் முட்புதரிலும் பச்சைக்குழந்தை கிடந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் அந்தத் தாயைக் கல்நெஞ்சக்காரி என்கிறோம். சட்டபூர்வமாக ஒப்படைக்க ஒரு வழி இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 1992-லிருந்து தொட்டில் குழந்தைத் திட்டம் இருக்கிறது. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை வளர்க்க இயலாத தாய் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கலாம். அவள் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெறுவதற்கு இரண்டு மாத அவகாசமும் உண்டு. அவள் பெயர் வெளியே வராது. வளர்க்கவே விரும்பினால், தகப்பன் பெயர் இல்லாமலும் பிறப்புச் சான்று கேட்கலாம். 2015-ல் உச்ச நீதிமன்றம், திருமணமாகாத தாயே குழந்தையின் ஒரே காப்பாளராக இருக்க முடியும் என்றும், தகப்பன் யாரென்று வெளியிடும்படி அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் தீர்ப்பளித்திருக்கிறது.

சட்டம் வைத்திருக்கும் பூட்டு

'கல்யாணம் ஆகாதவளுக்குக் கருக்கலைப்புச் செய்யக் கூடாது', 'புருஷன் கையெழுத்து வேண்டும்' என்று இன்றும் மருத்துவமனை வரவேற்பு மேசைகளில் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் ஒருத்தியின் ஒப்புதல் போதும். கணவனோ தகப்பனோ கையெழுத்துப் போடத் தேவையில்லை.

2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர்கள், கர்ப்பகாலத்தில் கணவனை இழந்தவர்கள் அல்லது மணவிலக்குப் பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு இந்த நீட்டிப்பு. கருத்தடை தவறிப்போனதைப் பற்றிப் பேசும் இடத்தில் முன்பு 'மணமான பெண் அல்லது அவள் கணவன்' என்றிருந்ததை, 'பெண் அல்லது அவள் துணை' என்று மாற்றினார்கள். 24 வாரம் தாண்டினால், கருவில் பெருங்குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னாலொழிய, நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். பெண்ணின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவைப்பட்டால் மட்டும் வாரக் கணக்கு எதுவும் தடையில்லை.

2022-ல் ஓர் இளம்பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவள் மணமாகாதவள். கூட இருந்தவன் கல்யாணத்துக்கு மறுத்துவிட்டான். கரு 20 வாரத்தைக் கடந்துவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. உச்ச நீதிமன்றம் அந்த ஜூலையிலேயே இடைக்கால அனுமதி கொடுத்து, செப்டம்பர் 29-ல் விரிவான தீர்ப்பும் வழங்கியது. மணமானவள், ஆகாதவள் என்று பிரித்துப் பார்ப்பது அரசமைப்புக்கு முரண் என்றது நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு.

ரகசியத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும், சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு யாரிடமும் மருத்துவர் வெளியிடக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விதிமுறைகள் இன்னும் நுணுக்கமானவை. சேர்க்கைப் பதிவேடு ஒன்றில்தான் அவள் பெயர் இருக்கலாம். நோயாளிக் குறிப்பு, அறுவை அரங்கப் பதிவேடு எல்லாவற்றிலும் வரிசை எண் மட்டுமே எழுத வேண்டும். ஒப்புதல் படிவத்தை உறையிலிட்டு, ஒட்டி, 'ரகசியம்' என்று மேலே எழுதி, நிலையத் தலைவரின் பொறுப்பில் வைக்க வேண்டும். இவ்வளவு கவனமாகப் பூட்டுப் போட்டிருக்கிறது சட்டம். ஆனால் புறநோயாளிச் சீட்டு எழுதும் இடத்தில், ஐம்பது பேர் வரிசையில் நிற்க, 'கல்யாணம் ஆயிடுச்சா? புருஷன் பேர் என்ன?' என்று உரக்கக் கேட்கும்போது அத்தனை பூட்டும் உடைந்துவிடுகிறது.

பதினெட்டுக்குக் கீழே

பதினெட்டு நிறையாத பெண்ணுக்குக் காப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். காப்பாளர் என்றால் பெற்ற தாய் தகப்பனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அவளைத் தன் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பவர் காப்பாளர்தான். தாய் தகப்பன் வெளியூரில் பிழைக்கப் போயிருக்க, பாட்டியோ சித்தியோ வளர்க்கும் பெண்கள் நம்மிடம் எத்தனை பேர்!

2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவரோடு பாலுறவு கொள்வது, அவர் சம்மதித்திருந்தாலும், குற்றம். அதைப் பற்றித் தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகளைச் சீரழிப்பவர்களைப் பிடிக்க அவசியமான சட்டம் இது. அதன் தேவையை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்துக் கருவுண்டானாலும் இதே சட்டம்தான். மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதுவார்கள், போலீஸ் வரும், அவன் உள்ளே போவான் என்ற பயத்தில் அவள் வருவதே இல்லை. சின்ன வயதில் கட்டிவைத்த குடும்பங்களும் இதே பயத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பக்கம் வராமல் பிரசவத்தை வீட்டிலேயே பார்க்கத் துணிகிறார்கள்.

இந்த முடிச்சை, நான் முன்பு சொன்ன 2022-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஓரளவு அவிழ்த்திருக்கிறது. பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாள விவரத்தையும் சொல்லத் தேவையில்லை. பின்னால் நடக்கும் வழக்கிலும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வும் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறது. நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன இந்த ஒன்று எத்தனை மருத்துவர்களுக்குத் தெரியும், எத்தனை காவல் நிலையங்களுக்குத் தெரியும்? தெரியாத இடத்தில் தீர்ப்பு இருந்தும் பயனில்லை.

ரகசியம் குற்றவாளிக்குத் துணையாகுமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ரகசியம் காத்தால், அந்தப் பெண்ணைக் கெடுத்தவன் தப்பிவிடமாட்டானா? அவன் அவள் மாமனாகவோ, பக்கத்து வீட்டுக்காரனாகவோ, வாத்தியாராகவோ இருந்தால்?

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே சீண்டப்படும் பெண், அம்மா பக்கத்தில் இருக்கும்போது வாய் திறக்கமாட்டாள். 'அம்மா கொஞ்ச நேரம் வெளியே இருங்க' என்று சொல்லிக் கதவைச் சாத்தி, பத்து நிமிடம் தனியாகப் பேசினால்தான் வார்த்தை வரும். அவளோடு யார் வந்திருக்கிறார்கள், அவளுக்குப் பதில் யார் பேசுகிறார்கள், அவன் வயது என்ன, பணமோ மிரட்டலோ படமெடுத்ததோ உண்டா என்றெல்லாம் விசாரிக்க அந்தத் தனிமை வேண்டும். ஆகவே குற்றத்தைக் கண்டுபிடிக்கும் வழியே அந்த ரகசிய அறைதான்.

எல்லாவற்றையும் மறைப்பேன் என்று பொய் வாக்குக் கொடுக்கவும் கூடாது. 'நீ சொல்றதை ஊருக்குச் சொல்லமாட்டேன். உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும், உன்னைக் காப்பாத்துறவங்ககிட்ட சொல்ல வேண்டியிருக்கும். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்' என்று பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் அவர்கள் பேசுகிறார்கள். ஏமாற்றப்படவில்லை என்று தெரிந்தால் பிள்ளைகள் நம்புவார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. இது ஆணவக் கொலைகள் நடக்கும் மண். வேறு சாதிப் பையனால் மகள் கருவுற்றாள் என்று தெரிந்தால் அவளைக் கொல்லத் துணியும் வீடுகளும் இங்கே இருக்கின்றன. அவள் அனுமதி இல்லாமல் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்பவர், நல்லெண்ணத்தோடு சொன்னாலும், அவள் உயிரோடு விளையாடுகிறார்.

நாம் முன்பே கற்ற பாடம்

ரகசியம் காக்கும் சேவை நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று யாராவது சொன்னால், நம் கண்ணெதிரே நடந்த ஒன்றை நினைவுபடுத்துவேன். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சோதித்தபோது இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் நாடு பயத்தில் நடுங்கியது. தொற்று இருந்தவர்களை வீடும் ஊரும் விரட்டின, சில மருத்துவமனைகளே தொட மறுத்தன. அதனால் சந்தேகம் இருந்தவர்களும் சோதனைக்கு வரவில்லை.

அதை மாற்றியது பிரச்சாரம் மட்டுமில்லை. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்கள் வந்தன. சோதனைக்கு முன்னும் பின்னும் தனியறையில் ஆலோசனை, பெயரை வெளியே விடாத முடிவு, இலவசச் சிகிச்சை என்று நடைமுறை உருவானது. கூலித்தொழிலாளியும் லாரி ஓட்டுநரும் கர்ப்பிணியும் அங்கே வந்தார்கள். 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அந்த ரகசியத்தைச் சட்டக் கடமையாக்கியது. அவ்வளவு பெரிய பயத்தையே தனியறையாலும் பயிற்சி பெற்ற ஆலோசகராலும் நம்மால் வெல்ல முடிந்தது. கருவுற்ற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அதே அறையை ஏன் தர முடியாது?

2014-ல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்கான தனி மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆலோசனை, கருத்தடை, பால்வினை நோய்ச் சிகிச்சை எல்லாம் அங்கே கிடைக்க வேண்டும். இந்த அவையில் இருக்கும் மாணவர்களில் எத்தனை பேர் அப்படி ஒரு மையத்துக்குள் கால் வைத்திருக்கிறீர்கள்?

பெண்ணின் உடம்பு பெண்ணின் முடிவு என்பதும் நமக்கு இறக்குமதி இல்லை. சுயமரியாதை இயக்கம் கர்ப்பத்தடையைப் பற்றி ஊர் ஊராக மேடைபோட்டுப் பேசி ஏறத்தாழ நூறு ஆண்டு ஆகப்போகிறது. மக்கள்தொகையைக் குறைக்க, வறுமையை ஒழிக்க என்று மற்றவர்கள் காரணம் சொன்னபோது, பெண் சுதந்திரமாக இருப்பதற்குக் கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் வாதிட்டார்.

இங்கிலாந்தில் நடந்தது

இதே கேள்வி இங்கிலாந்தை உலுக்கிய காலம் ஒன்று உண்டு. 1964-ல் ஹெலன் புரூக் என்ற பெண்மணி, மணமாகாத இளையோருக்கென்று லண்டனில் கருத்தடை ஆலோசனை மையம் தொடங்கினார். பெரும் எதிர்ப்பு. 1980-களில் விக்டோரியா கில்லிக் என்ற தாய், பதினாறு வயதுக்குட்பட்ட தன் மகள்களுக்குத் தனக்குத் தெரியாமல் கருத்தடை ஆலோசனை தரக் கூடாது என்று வழக்குத் தொடுத்தார். 1984 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1985 அக்டோபரில் பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், அதை மாற்றியது. சொல்வதைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி உள்ள பெண்ணுக்கு, பெற்றோர் அறியாமலும் மருத்துவர் உதவலாம் என்றது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பெற்றோரைப் பற்றியது. வீட்டில் சொல்லும்படி அவளிடம் மருத்துவர் எடுத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. குடும்பத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. முடிந்தவரை குடும்பத்தை அழைத்து வா, முடியாதபோது அவளைக் கைவிடாதே என்பதுதான் அதன் சாரம்.

பிறகு 1999-ல் அந்நாட்டு அரசு பத்தாண்டுத் திட்டமொன்றைத் தொடங்கியது. பள்ளிகளில் பாலியல் கல்வி, இளையோர் கூச்சமின்றி வரக்கூடிய ரகசியச் சேவை, பிள்ளை பெற்ற இளம் பெண்கள் படிப்பைத் தொடர உதவி என்று மூன்றையும் ஒன்றாகச் செய்தார்கள். 1998-ல் அங்கே 15 முதல் 17 வயதுப் பெண்கள் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 47 பேர் கருவுற்றார்கள். இருபது ஆண்டு கழித்து அது 17 ஆகக் குறைந்தது. சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்று அஞ்சுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அவர்கள் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு. ஆனால் பயந்த பெண் எங்கும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியவை

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்: சீட்டு எழுதும் இடத்தில் திருமணக் கேள்வியை உரக்கக் கேட்காதீர்கள். இளம் பெண் யாரோடு வந்தாலும் சிறிது நேரம் அவளைத் தனியாகப் பாருங்கள். 'முதல்ல தாலி கட்டிட்டு வா' என்ற வார்த்தை நம் வாயிலிருந்து வரவே கூடாது. கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஊரில் எல்லா வீடும் தெரியும். அதுவே அவர் பலம், அதுவே அந்தப் பெண்ணின் பயமும். அவர் ஒரு சொல்லைக் கசியவிட்டால், அந்த ஊரில் அடுத்த பெண் அவரிடம் வரமாட்டாள்.

மருந்துக்கடைக்காரர்களுக்கு: அவசரக் கருத்தடை மாத்திரை, பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்ற முறையில் போட வேண்டிய மாத்திரை. அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. உண்டான கருவைக் கலைப்பதில்லை. கருக்கலைப்பு மாத்திரை என்று தவறாக நினைத்து நம் மாநிலத்தில் பல கடைகள் இதை வைப்பதே இல்லை. தடுக்கும் மாத்திரையை மறுத்தால், கலைக்கும் மாத்திரைக்குத்தான் ஆள் வருவார்கள்.

ஆசிரியர்களுக்கு: உயிரியல் பாடத்தில் இனப்பெருக்க அத்தியாயத்தை 'வீட்டிலேயே படிச்சுக்கோங்க' என்று தாண்டாதீர்கள். பையன்களையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான் என்பதையும், ஆணுறை அணிவது தன் பொறுப்பு என்பதையும், கருவுண்டானால் கைப்பேசியை அணைத்துவிட்டு ஓடுவது கோழைத்தனம் என்பதையும் அவர்கள் கேட்டு வளரட்டும். கருவுற்ற மாணவிக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பாதீர்கள். அவளுக்குப் படிப்பு முன்னெப்போதையும்விட இப்போதுதான் வேண்டும்.

மாணவிகளுக்கு: நாள் தள்ளிப்போனால் அந்த வாரமே சோதித்துப் பாருங்கள். பதினெட்டுக்குக் கீழே என்றால் 1098, பெண்கள் உதவிக்கு 181, மருத்துவ ஆலோசனைக்கு 104, பள்ளி மாணவர்களுக்கு 14417 என்ற எண்கள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் செலவில்லை. கலைக்கவோ பெறவோ யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு மருத்துவர் முகம் சுளித்தால் இன்னொருவரிடம் போங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

கடைசியாக, பெற்றோர்களுக்கு. உங்களிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்க நான் இவ்வளவு நேரம் பேசவில்லை. எங்களிடம் வரும் பெண்களில் பலர், உள்ளுக்குள் அம்மாவைத்தான் தேடுகிறார்கள். 'அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவாங்க' என்று அவர்கள் அழுவது வெறுப்பினால் அல்ல, பாசத்தினால்தான். ஒருநாள் உங்கள் மகள் உங்கள் முன் வந்து நின்று அந்த வார்த்தையைச் சொல்லக்கூடும். அப்போது 'யார் அவன்?' என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். கையைப் பிடித்து உட்காரவைத்து, 'எத்தனை நாள் ஆச்சும்மா? உடம்பு எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். மறுநாள் காலையிலேயே அவளோடு மருத்துவமனைக்கு வாருங்கள். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பிறகு நேரம் இருக்கும்.